வைரஸ் போகும்வரை லூபஸ் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு வருடமாக லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) இருக்கிறது. சோர்வு தாங்காமல் நானே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தேன். எப்ஸ்டீன்-பார் வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகளில் விசிஏ ஐஜிஜி, ஈஏ ஐஜிஜி, ஈபிஎன்ஏ ஐஜிஜி மூன்றும் பாசிட்டிவ். விசிஏ ஐஜிஎம் மட்டும் நெகட்டிவ். லூபஸ் வருவதற்கே இந்த வைரஸ்தான் காரணமாமே? முதலில் வைரஸ் போகட்டும் என்று, லூபஸுக்கான ஹைட்ராக்சிக்ளோரோகுயின் மாத்திரையை மூன்று வாரமாக நிறுத்திவிட்டேன். என் 5 வயது மகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்று அவளைக் கொஞ்சவே பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் மாத்திரை. இன்றே உங்கள் மருத்துவரிடம் பேசி மறுபடி தொடங்குங்கள். அது வைரஸை வளர்த்துவிடும் மருந்து அல்ல. நோய் அடங்கியிருந்த லூபஸ்காரர்களிடம் கனடாவில் நடந்த ஆய்வு ஒன்று 1991-இல் வெளியானது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களைவிட நிறுத்தியவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. வைரஸ் போகும்வரை என்கிறீர்கள். அது போகவே போகாது. ஒருமுறை வந்தால் நம் பி செல்கள் என்ற வெள்ளையணுக்களுக்குள் ஆயுள் முழுக்கத் தூங்கும். பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறார்கள்.

இனி ரிப்போர்ட். புதுத் தொற்றைச் சொல்வது விசிஏ ஐஜிஎம்; அது உங்களுக்கு இல்லை. ஈபிஎன்ஏ ஆன்டிபாடி தொற்று வந்து சில மாதம் கழித்தே தோன்றும், பிறகு நிலைத்துவிடும். ஆக உங்களுடையது பழைய தொற்று. உங்களைப் பயமுறுத்தியது ஈஏ என்று நினைக்கிறேன். வைரஸ் விழித்துப் பெருகும்போது கூடுகிற ஆன்டிபாடி அது. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் சிலருக்கும் வருடக்கணக்கில் இருக்கும், லூபஸ் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாகவே காணப்படும். வைரஸைக் காவல் காக்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் லூபஸில் சற்றுத் தளர்ந்துவிடுகின்றன. பி செல்களோ அளவுக்கு மீறி ஆன்டிபாடி உண்டாக்குகின்றன. நோயே இந்த எண்ணை ஏற்றிவிடும் என்பதால், இதை மட்டும் வைத்து நான் யாருக்கும் மருந்தை மாற்றியதில்லை.

காரணம் இதுதானா என்ற கேள்வி நியாயமானது. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு நோயில் ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஒரு கோடி அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வு, இந்த வைரஸ் தொற்றியபின் அந்நோய்க்கான ஆபத்து 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. லூபஸிலும் தொடர்பு தெரிகிறது. 1997-இல் வெளியான ஆய்வில், லூபஸ் உள்ள இளவயதினர் 117 பேரில் 116 பேருக்கு இந்தத் தொற்று இருந்தது; நோயில்லாத அதே வயதினரில் 70 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் வைரஸ் உள்ள பெரும்பாலானவர்களுக்கு லூபஸ் வருவதே இல்லை. மரபணு, ஹார்மோன், வெயில் என்று இன்னும் பல சேர வேண்டியிருக்கிறது.

எச்சிலில் பரவும் வைரஸ் என்று படித்துவிட்டு, தான் ஏதோ தப்பு செய்ததுபோல் என் முன்னால் குன்றி உட்கார்ந்திருந்தாள் ஒரு கல்லூரி மாணவி. அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: இதில் யார் தப்பும் இல்லை. உங்கள் மகளுக்கு இது ஏற்கெனவே தொற்றியிருக்கலாம். சின்ன வயதில் பெரும்பாலும் வந்ததே தெரியாது. லூபஸ் ஒட்டாது. குழந்தையைத் தாராளமாகக் கொஞ்சுங்கள்.

அப்புறம் அந்தச் சோர்வு. அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கேட்டு வாங்காதீர்கள், தூங்கும் வைரஸை அது தொடாது. ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரில் புரதம், லூபஸ் கிளம்பியிருக்கிறதா என்று அறிய உதவும் ரத்தப் புரதங்களான சி3, சி4 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் மாத்திரை விட்டுப்போனதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.