வாசகர் கேள்வி பதில்: விளையாட்டாக வீட்டு வேலை

பாடசாலை விடுமுறை தொடங்கினால் எங்களுக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடும். இம்முறை திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்திருக்கிறோம்.

வாசகி, உப்புவெளி: ஆறு வயது மகளுக்கும் ஒன்பது வயது மகனுக்கும் சுவரில் அட்டவணை ஒட்டி, வேலைக்கு ஒரு ஸ்டார் கொடுத்தேன். இருபது சேர்ந்தால் ஐஸ்கிரீம். தொடக்கத்தில் ஓடி ஓடிச் செய்தார்கள். இப்போது ஒரு கோப்பையை எடுத்து வரச் சொன்னாலும் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கிறார்கள். எங்கே பிழைத்தது?

வேலையை நீங்கள் விலை பேசிவிட்டீர்கள். பிள்ளைகள் இப்போது பேரம் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு முன்பள்ளியில் இதைச் சோதித்தார்கள். வர்ணப் பேனாவால் படம் கீறுவதை ஏற்கெனவே விரும்பிச் செய்த பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கீறினால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல், கீறி முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, முதல் குழு மற்ற இரு குழுக்கள் கீறிய நேரத்தில் அரைவாசிதான் கீறியது. சொல்லாமல் பரிசு வாங்கிய குழுவின் ஆர்வம் குறையவில்லை.

உங்கள் வீட்டுக்கு இதில் இரண்டு விடயம் இருக்கிறது. பிள்ளைக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலையைத் தொடக்கிவிட ஸ்டார் உதவும். ஏற்கெனவே ஆசையோடு செய்யும் வேலைக்கு, அதாவது தண்ணீரில் அளைவது, மா பிசைவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்றவற்றுக்கு, ஸ்டார் ஒட்டவே கூடாது. அடுத்தது, ஐஸ்கிரீமை நிறுத்தத் தேவையில்லை, வாக்குக் கொடுப்பதைத்தான் நிறுத்த வேண்டும். எல்லாரும் வேலை முடித்த ஒரு பின்னேரம் சும்மா வாங்கிக் கொடுங்கள்.

இருக்கிற அட்டவணையைத் திடீரென்று கிழித்தால் ஏமாற்றிவிட்டீர்கள் என்பார்கள். சேர்ந்த ஸ்டாருக்கு உரியதைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டு, "இனி ஸ்டார் இல்லை" என்று நேரே சொல்லுங்கள். ஒரு கிழமை முறுக்குவார்கள். அந்தக் கிழமையில் இரங்கி ஒரு ஸ்டார் கொடுத்தால் பழையபடி தொடங்கிவிடும்.

வாசகர், தம்பலகாமம்: எட்டும் பத்துமாக இரண்டு பெடியள். முற்றத்தைப் பாதி பாதியாகப் பிரித்து "யார் முதலில் முடிக்கிறது பார்ப்போம்" என்றால், குப்பையை மற்றவன் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். பிறகு அடிபிடி.

எல்லை போட்டு வேகத்துக்குப் பரிசு என்றால், குப்பையை எல்லைக்கு அப்பால் தள்ளுவதுதான் கெட்டித்தனம். பெடியளில் பிழை இல்லை, விதியில்தான் ஓட்டை. இருவரையும் ஒரே கட்சியாக்குங்கள்.

மணல் முற்றம் என்றால் ஒரு தடியால் கிளித்தட்டுக் கோடு கீறுங்கள்: ஆறடிச் சதுரப் பெட்டிகள், இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு. ஒருவன் ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டுவான், மற்றவன் சருகைக் கடகத்தில் அள்ளுவான். ஒவ்வொரு பெட்டி முடியவும் ஆள் மாற வேண்டும். கூட்டுகிறவன் பின்னுக்கு நகர்ந்தபடியே கூட்ட வேண்டும். கோடு அழிந்து, விளக்குமாறு இழுத்த வளைவுகள் மட்டும் தெரிந்தால் பெட்டி வென்றாயிற்று. அதன்மேல் ஒரு காலடி விழுந்தாலும் அந்தப் பெட்டியைத் திரும்பக் கூட்ட வேண்டும். கிளியாக நின்று காலடி பார்ப்பது உங்கள் வேலை. நேரம் பார்க்க வேண்டாம். அவசரப்பட்டால் காலடி விழும், விளையாட்டே அவர்களை நிதானமாக்கிவிடும். கோழி குறுக்கே ஓடினால் என்ன தீர்ப்பு என்பதையும் முதலே பேசி வையுங்கள். அந்த வழக்கு கட்டாயம் வரும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசு கண்ணில் ஏறும். முதலில் கையால் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள். வாளியோடு ஊற்றினால் மணல் சருகில் ஒட்டி, கடகம் தூக்க முடியாத பாரமாகிவிடும். விளக்குமாற்றுக் கட்டு தளர்ந்திருந்தால் ஈர்க்கு உருவி விழும். அடியைத் தரையில் தட்டிச் சமப்படுத்தி இறுக்கிக் கட்டிக் கொடுங்கள். வீட்டுக்குள் கூட்டும் தும்புத்தடியின் பிடி பிள்ளையின் நாடிக்கு மேலே நீளக்கூடாது. நீண்டால் நுனி பின்னால் சுழன்று சுவரில் இருக்கிற சாமிப்படம்வரை தட்டிவிடும். ஒரு பழைய தடியை அளந்து அறுத்து, வெட்டின முனையை அரத்தாளால் தேய்த்துவிட்டால் போதும்.

அம்மம்மா ஒருவர், மூதூர்: பேரன் "குசினி வேலை பொம்பிளையளுக்கு" என்கிறான். பேத்தி அவனைப் பார்த்து முறைக்கிறாள். பத்து வயதுதான் அவனுக்கு.

அவன் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறான். வேலையை ஆள் பார்த்துப் பிரிக்காமல் சோழி பார்த்துப் பிரியுங்கள். அப்பாவும் மாமாவும் அதே பாயில் இருந்து உருட்ட வேண்டும். அவர்கள் நழுவினால் பேரனோடு பேசிப் பயனில்லை.

சோழி இல்லாவிட்டால் புளியங்கொட்டை போதும். நாலு கொட்டையை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் சொரசொரப்பான சீமெந்துத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்கவும். தேய்க்கும்போது நன்றாகச் சுடும், தங்கச்சியின் கையில் சூடு வைக்க விட வேண்டாம். நாலையும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். ஒன்று மற்றவற்றைவிடக் கூடத் தேய்ந்தால் அது பெரும்பாலும் ஒரே பக்கமாக விழும். பிள்ளைகள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உருட்டினால் எத்தனை வெள்ளை என்று எண்ணுங்கள். பதினாறு தடவை உருட்டினால் சராசரியாக இரண்டு வெள்ளை ஆறு தடவை வரும், ஒன்றும் மூன்றும் நாலு நாலு தடவை, ஒன்றுமில்லாததும் நாலும் ஒவ்வொரு தடவை. அதனால் கோப்பை கழுவுவது போன்ற அன்றாட வேலையை இரண்டில் வையுங்கள். ஒன்றுக்கு மேசை துடைப்பது, மூன்றுக்கு உடுப்பு மடிப்பது. எல்லாம் கறுப்பு என்றால் அன்றைக்கு லீவு. நாலும் வெள்ளை என்றால் தன் வேலையை வீட்டில் விரும்பிய ஒருவருக்குத் தள்ளிவிடலாம். பேரன் யாருக்குத் தள்ளுவான் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை, ஆனால் பேத்திக்கும் அதே உரிமை இருக்கிறது. ஒரே எண் இருவருக்கு விழுந்தால் சேர்ந்து செய்யட்டும்.

வாசகி, திருகோணமலை நகர்: மாரி தொடங்கினால் கிழமைக்கு ஒரு தடவை நுளம்பு பெருகும் இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளோடு செய்யலாமா?

செய்யலாம். பெரியவர்களின் கண்ணுக்குத் தப்பும் இடம் பிள்ளையின் உயரத்தில் நன்றாகத் தெரியும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் வரை எடுக்கும். கிழமைக்கு ஒரு தடவை என்பது அதனால்தான். ஒரு ஞாயிறு தவறினால் ஒரு கூட்டம் பறந்துவிடும்.

ஒரு டோர்ச், ஒரு வெள்ளைக் கோப்பை, ஒரு பழைய பிரஷ் போதும். சிரட்டை, பூச்சாடித் தட்டு, டயர், பீலி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, வாழை இலையின் அக்குள், நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சட்டி எல்லாம் பார்க்க வேண்டும். தண்ணீரைக் கோப்பையில் கோலி, கையின் நிழல் அதன்மேல் விழச் செய்தால் புழுக்கள் நெளிந்து அடிக்குப் போகும். வெள்ளைக் கோப்பையில் அது நன்றாகத் தெரியும். ஒரு தடவை பார்த்த பிள்ளை அடுத்த ஞாயிறு தானாகவே வரும்.

கண்ட தண்ணீரைக் காய்ந்த மணலில் ஊற்றுங்கள், காணுக்குள் வேண்டாம். பிறகு பாத்திரத்தின் உட்சுவரைப் பிரஷால் தேய்க்க வேண்டும். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். பலர் ஊற்றிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

புழு கண்ட இடத்துக்குப் புள்ளி என்று மட்டும் விதி வைக்காதீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை புதன்கிழமையே ஒரு சிரட்டையை மல்லாத்தி வைத்துவிடும். ஒன்றும் கிடைக்காத ஞாயிறுதான் வெற்றி என்று வையுங்கள். துருப்பிடித்த தகரமும் கண்ணாடித் துண்டும் பெரியவர் கைக்கு மட்டும்.

வாசகி, நிலாவெளி: நாலு வயதுக்காரி தானும் செய்ய வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். எதைக் கொடுப்பது?

மேஸ் சோடி சேர்ப்பது, கரண்டிகளைப் பிரித்து வைப்பது, தோய்த்த உடுப்பைக் கொடியில் போடும்போது கிளிப் எடுத்துத் தருவது. ஒரு தடவையில் ஐந்து சோடிக்கு மேல் வேண்டாம். அவள் சேர்த்த சோடி பிழையென்றால் அவள் முன்னால் திருத்தாதீர்கள், பிறகு தொடமாட்டாள். பயறு, கடலை தெரிவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள், மூக்கில் ஏற்றிக்கொள்ளும் வயது இது. புளியங்கொட்டையையும் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

திருவலை, அடுப்பு, கழிவறைத் திரவம் மூன்றும் எந்த விளையாட்டிலும் சேராது. குளோரின் தூளும் அமிலம் கலந்த கழிவறைத் திரவமும் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். "மருந்து கலக்கும்" விளையாட்டில் பிள்ளைகளுக்கு ஆசை அதிகம் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காமல் பூட்டி வையுங்கள். அவளுக்குக் கலக்கிப் பார்க்கத்தான் ஆசையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரமும் ஒரு பழந்துணியும் கொடுங்கள், பிளாஸ்டிக் கதிரைகளைக் கழுவட்டும்.