நக்ருமா பற்றிப் பேச அணையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். கானாவின் முதல் பிரதமரும் முதல் அதிபருமான குவாமே நக்ருமா பற்றிக் கருத்தரங்கில் பத்து நிமிடம் பேச வேண்டும். ‘ஆப்பிரிக்க ஒற்றுமை’ என்று வெறும் கோஷமாகப் போய்விடாமல், இன்றைக்கும் அவர் ஏன் முக்கியம் என்று எப்படிக் காட்டுவது?

பதில்: 1957 மார்ச் 6 கானாவின் விடுதலை, 1963இல் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு. இரண்டையும் சட்டென்று சொல்லிவிட்டு நேராக வோல்டா ஆற்றின் அகோசோம்போ அணைக்குப் போய்விடுங்கள்.

கொக்கோவை மட்டும் நம்பியிருந்த நாட்டுக்குத் தொழிற்சாலைகள் வேண்டும் என்று நக்ருமா துடித்தார். கானாவில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்கிறது. அணை மின்சாரத்தில் அதை அலுமினியமாக்கலாம் என்பது கனவு. ஆனால் கடன் கிடைக்க, மின்சாரத்தை வாங்க உறுதியான ஓர் ஆள் தேவைப்பட்டது. அமெரிக்காவின் கைசர் நிறுவனம் முன்னின்று தேமா துறைமுக நகரில் வால்கோ என்ற அலுமினிய ஆலையை அமைத்தது. மின்சாரம் மிகக் குறைந்த விலையில், நீண்டகால ஒப்பந்தத்தில் போனது. பாக்சைட்டிலிருந்து எடுக்கப்படும், ஆலைக்கான அலுமினா மட்டும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது! அணையால் உருவான ஏரிக்காக ஊரை இழந்தவர்கள் சுமார் 80,000 பேர். கொடி மாறினாலும் பொருளாதாரக் கடிவாளம் வெளியாரிடமே இருக்கிறது என்று 1965இல் நவகாலனியம் பற்றிப் புத்தகம் எழுதியவர், தானே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது. 1966 ஜனவரியில் அணையைத் திறந்தார். பிப்ரவரி 24 அன்று, வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது, ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது.

ஒற்றுமையை அவர் ஏன் அவ்வளவு அவசரமாகக் கேட்டார் என்பது இப்போது கேட்பவர்களுக்குப் புரியும். தனியாக நிற்கும் சின்ன நாட்டால் பெரிய நிறுவனத்தோடு பேரம் பேச முடியவில்லை.

அப்புறம் நிகழ்காலம். ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதியின் கீழ் 2021 ஜனவரி 1 முதல் வணிகம் தொடங்கியது. அதன் செயலகம் இருப்பது கானாவின் தலைநகர் அக்ராவில்தான். ஆனால் நக்ருமா கேட்டது சந்தை மட்டுமல்ல, கண்டம் முழுவதற்கும் ஒரே அரசு. இந்த வேறுபாட்டைக் கட்டாயம் சொல்லுங்கள்.

யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காமல், விசாரணையின்றிச் சிறையிட வழிசெய்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1964இன் ஒரு கட்சி ஆட்சியையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். விடுதலைப் போராட்டத் தோழரான ஜே.பி. டான்குவா 1965இல் சிறையிலேயே இறந்தார்.

காங்கோவின் லுமும்பா, புர்கினா பாசோவின் சங்கரா என்று மற்றத் தலைவர்களின் பெயர்களைச் சேர்க்க ஆசை வரும். பத்து நிமிடத்தில் வேண்டாம். தான்சானியாவின் முதல் அதிபர் நியெரெரே மட்டும் போதும். முதலில் வட்டார அளவில் இணைவோம், படிப்படியாகக் கண்டத்துக்குப் போவோம் என்று அவர் நக்ருமாவோடு வாதிட்டார். இன்றைய ஆப்பிரிக்கா நடப்பது பெரும்பாலும் அவர் சொன்ன வழியில்தான் என்பது என் கணிப்பு.