நாற்பது பேருக்கு ஒரு பானைக் கூழ்: கேள்வி பதில்

காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழைப் பத்துப் பேருக்குக் காய்ச்சத் தெரிந்தவர்கள் பலர். நாற்பது பேர் என்றதும் அவர்களுக்கே கை நடுங்கிவிடுகிறது. எங்கள் குடும்ப ஒன்றுகூடல்களில் முப்பது ஆண்டுகளாகக் கூழ்ப் பானை என் பொறுப்பு. கேட்டவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். நான் சொல்வது நண்டும் மீனும் போட்ட உறைப்புக் கூழைப் பற்றி. ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் இனிப்புக் கூழ் வேறு.

மாமி, கோடை விடுமுறையில் 40 பேர் வீட்டுக்கு வருகிறார்கள். எதை எவ்வளவு வாங்குவது? (டொராண்டோ)

ஆளுக்கு 400 மில்லிலீற்றர் என்று வைத்தால் 16 லீற்றர் கூழ் வேண்டும். பானை 25 லீற்றருக்குக் குறையக் கூடாது. கூழ் பொங்கும், கிண்டவும் இடம் வேண்டும். ஒடியல் மா 2 கிலோ, மீன் தலையும் சதையும் 4 கிலோ, நண்டு 3 கிலோ, இறால் 2 கிலோ, கணவாய் ஒன்றரைக் கிலோ. பயிற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் ஒவ்வொரு கிலோ, பலாக்கொட்டை நூறு, புழுங்கல் அரிசி 200 கிராம்.

பத்துப் பேருக்கு 15 செத்தல் மிளகாயும் 100 கிராம் பழப்புளியும் போடுகிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் நான்கால் பெருக்கிவிடாதீர்கள். மிளகாய் 45, புளி 300 கிராம் என்று தொடங்குங்கள். உப்பிலும் கையை இறுக்கிப் பிடியுங்கள். குறைந்தால் கடைசியில் சேர்க்கலாம். கூடினால் 16 லீற்றரை ஒன்றும் செய்ய முடியாது.

எதை முதலில் போடுவது? எங்கள் வீட்டில் இறால் ஒவ்வொரு முறையும் ரப்பராகிவிடுகிறது. (வவுனியா)

தங்கச்சி, கூழின் வெற்றி முழுவதும் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. தண்ணீர் கொதித்ததும் அரிசி, பலாக்கொட்டை, கணவாய் மூன்றையும் போடுங்கள். கணவாய் இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கினாலும் மெதுமை, அரை மணிக்கு மேல் வெந்தாலும் மெதுமை. இடையில் எடுத்தால்தான் இழுபடும். கூழுக்கு நீண்ட வேக்காடே நல்லது, சாறும் இறங்கும். 25 நிமிடம் கழித்துப் பயிற்றங்காயும் அவித்த மரவள்ளியும். அவை வெந்த பிறகு நண்டும் மீன் தலையும், 10 நிமிடம். நண்டை ஒரேயடியாகக் கொட்டினால் கொதி அடங்கிவிடும். மூன்று தடவையாகப் போடுங்கள்.

அதன் பிறகுதான் புளியும் அரைத்த மிளகாயும். புளியை முந்திக்கொண்டு ஊற்றினால் காயும் கொட்டையும் வேக மறுக்கும். அடுத்து மாக் கரைசல். பலர் மாவுக்கு முன்பே இறாலைப் போட்டுவிடுகிறார்கள், உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும். மா எட்டு நிமிடம் கொதித்த பிறகு இறாலைப் போடுங்கள். அது சிவந்து சுருண்டதும், நான்கைந்து நிமிடத்தில், முருங்கையிலையைத் தூவி அடுப்பை அணையுங்கள். பெரிய பானையின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஒடியல் மாக் கூழ் கசந்துவிட்டது. மா பழுதா? (பாரிஸ்)

மாவில் பழுதில்லை, ஊறல் போதவில்லை. ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவைத்தது. கசப்பு அதனுடனேயே வருகிறது. அகன்ற சட்டியில் மாவைப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரத்தில் மா அடியில் படிந்து, மேலே கலங்கிய மஞ்சள் தண்ணீரும் தும்பும் நிற்கும். சட்டியை மெதுவாகச் சரித்து அதை வடித்துவிட்டு மறுபடியும் புதுத் தண்ணீர். என் அம்மம்மா ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரில் சுண்டுவிரலைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புவார். கசப்பு நிற்கும் வரை வடிப்பார். சில நாள் மூன்று தடவை, சில நாள் ஐந்து. நானும் எண்ணிக்கை வைப்பதில்லை, நாக்கையே நம்புகிறேன்.

கடையில் புழுக்கொடியல் மாதான் கிடைத்தது. பரவாயில்லையா?

வேண்டாம். புழுக்கொடியல் அவித்துக் காயவைத்த கிழங்கு. அதன் மாச்சத்து முன்பே வெந்துவிட்டதால் கூழுக்கு அந்தப் பிடிப்பு வராது. அதைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடுங்கள், அருமையாக இருக்கும்.

நண்டை எப்படிப் பார்த்து வாங்குவது? (மட்டக்களப்பு)

கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சிய கனம் இருந்தால் சதை இருக்கிறது. அடிவயிற்றை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. செத்த நண்டின் சதை வெகு விரைவில் கெடும், ஆகவே நாற்றம் லேசாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். உயிர் நண்டென்றால் அரை மணி நேரம் ஐஸில் புதைத்து மரத்துப்போகச் செய்தபின் வெட்டுங்கள்; நண்டுக்கும் நோவு குறையும், உங்கள் விரலும் தப்பும். சினை நண்டைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

வருபவர்களில் ஒருவருக்கு நண்டு, இறால் ஒவ்வாமை. அவருக்கு மட்டும் நண்டில்லாமல் அள்ளிக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. சாறு முழுவதிலும் நண்டு இறங்கியிருக்கும். மூச்சே அடைத்துவிடக்கூடிய விஷயம் இது. முதலிலிருந்தே வேறு பானை, வேறு அகப்பை, வேறு பலகை, கத்தி. கடலுணவுச் சாமான்களைத் தொடுவதற்கு முன் சைவக் கூழாக அதைக் காய்ச்சி மூடி, தள்ளி வைத்துவிடுங்கள். மரக்கறி உண்பவர்களுக்கும் அது உதவும்.

மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக் கூடாதா?

எங்கள் பக்கத்தில் சேர்ப்பதில்லை, நானும் சேர்ப்பதில்லை. ஆனால் கவனம் வேண்டியது கிழங்கிலேயே. அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலைத் தடிப்பாக உரித்து, நடுநரம்பை எடுத்து, தனிச் சட்டியில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நீலம் பாரித்த கிழங்கை எறிந்துவிடுங்கள்.

சென்ற முறை அடிப்பிடித்துவிட்டது. மாவும் கட்டி பட்டது. (லண்டன்)

மாவைக் குளிர்ந்த தண்ணீரில் பால் போலக் கரைத்து, ஒருவர் நூலாக ஊற்ற மற்றவர் அடி தொட்டுக் கிண்ட வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மா விழுந்ததும் நெருப்பைப் பாதியாக்குங்கள். ஒருமுறை அறுபது பேருக்குக் காய்ச்சும்போது வாசலில் விருந்தினரை வரவேற்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போதே தீய்ந்த வாசம். அடியைச் சுரண்டாமல், மேற்கூழை மட்டும் வேறு கிடாரத்துக்கு மாற்றியதால் முக்கால்வாசி தப்பியது. அகப்பையிலிருந்து மோர்க்குழம்பு போல ஒழுகும்போதே இறக்குங்கள். ஆற ஆறத் தடிக்கும். பானையில் சரியாகத் தெரியும் கூழ் கைக்கு வரும்போது களியாகிவிடும்.

எதில் ஊற்றிக் குடிப்பது?

பனையோலைப் பிளா கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம். சூட்டில் ஓலை வாசம் கிளம்பிக் கூழோடு சேரும். வெளிநாட்டில் சிரட்டையோ தடித்த காகிதக் கிண்ணமோ போதும். தேங்காய்ச் சொட்டை (கீறிய தேங்காய்த் துண்டு) மட்டும் தவறவிடாதீர்கள். ஒரு மிடறு கூழ், ஒரு கடி சொட்டு. நண்டு ஓடு போட நடுவில் ஒரு வாளி வையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஊற்றும்போது முள்ளைப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

மிஞ்சினால்?

பானையோடு இரவு வைக்காதீர்கள். பெரிய பானையின் நடுப்பகுதி மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே இருக்கும், கெடுவதற்கு அதுவே போதும். இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான பாத்திரங்களில் பிரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் குடிக்கும் அளவை மட்டும் எடுத்து, கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு இளக்கி, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.