சைக்கிள் சீட் வாங்கும் முன் ஒரு அட்டைமேல் உட்காருங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் நான்கு மாதம் முன்பு ஹைப்ரிட் சைக்கிள் வாங்கினேன். காலையில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அரை மணி நேரம் தாண்டினால் சீட்டில் உட்கார முடியவில்லை. கடையில் ஜெல் உறை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் சுகமாக இருந்தது, அப்புறம் முன்பைவிட மோசம். இப்போது சீட்டையே மாற்றச் சொல்லி 900 ரூபாயிலிருந்து 6,000 ரூபாய் வரை காட்டுகிறார்கள். எதை வாங்கட்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்த வாரம் எதையும் வாங்காதீர்கள். மெத்தென்ற உறை போட்ட பிறகு வலி கூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அதுதான். சீட் கடினமாக இருப்பது உங்கள் பிரச்சினை இல்லை. அதன் அகலம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முனைகள் கையை அழுத்தும். லேசாக முன்னும் பின்னும் ஆடினால் இன்னும் நன்றாகத் தெரியும். இடுப்பெலும்பின் அடிமுனைகள் அவை. உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியவை அந்த இரண்டும்தான். சீட் குறுகலாக இருந்தால் அவை ஓரத்தில் வழுக்கி இறங்கிவிடும், பாரம் நடுவில் உள்ள மென்மையான சதைக்குப் போய்விடும். நரம்பும் ரத்தக் குழாயும் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. சீட் தேவைக்கு மேல் அகலமாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் உள்தொடை உரசும்.

ஜெல் உறையில் நடப்பது இதுதான்: எலும்பு உள்ளே அமுங்குகிறது, அமுங்கிய ஜெல் நடுவில் பிதுங்கி மேலே வருகிறது. எந்த இடத்தில் அழுத்தம் படக்கூடாதோ சரியாக அங்கேயே முட்டுகிறது. மளிகைக் கடைக்குப் போய்வரும் தூரத்தில் இது தெரியாது. அரை மணி நேரத்தில் தெரியும். போதாததற்கு உறை பக்கவாட்டில் நகரும், மழையில் நனைந்தால் காய ஒரு நாள் ஆகும்.

ஆள் ஒல்லியா குண்டா என்று பார்த்து எலும்பின் இடைவெளியைச் சொல்ல முடியாது. பருமனானவருக்குக் குறுகலாகவும் ஒல்லியானவருக்கு அகலமாகவும் இருக்கலாம். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல், ஆனால் சராசரி உங்கள் அளவு ஆகாது. அதனால் 'லேடீஸ் சீட்' என்று எடுத்து நீட்டினால் உடனே தலையாட்டாதீர்கள். சில பெரிய கடைகளில் இதை அளக்க அமுங்கும் பஞ்சுப் பலகை வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் வீட்டிலேயே அளந்துவிடலாம், பத்து நிமிட வேலை.

பார்சல் வந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே நெளிநெளியாக இருக்கும் அட்டையில் ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டிக்கொள்ளுங்கள். மடிப்போ டேப்போ இல்லாத பகுதியாக இருக்கட்டும். மெல்லிய பைஜாமாவோ லெக்கிங்ஸோ போதும். ஜீன்ஸ் வேண்டாம், அதன் தையல் தனியாகப் பதிந்து குழப்பும். மாடிப்படியில் கீழிருந்து இரண்டாவது படி இதற்கு அருமையான இடம், மனைப்பலகையும் சரிதான். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமாக வர வேண்டும், அதுதான் கணக்கு. அட்டைமேல் நேராக உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, சைக்கிளில் எவ்வளவு குனிவீர்களோ அவ்வளவு குனியுங்கள். குதிகாலை லேசாகத் தூக்கினால் பாரம் முழுவதும் எலும்புக்கு வரும். ஒரு நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, தேய்க்காமல் நேராக எழுந்திருங்கள்.

அட்டையைப் பார்த்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்து, அழுத்தாமல் அட்டை முழுவதும் தடவுங்கள். மேடான இடமெல்லாம் சாக்கைப் பிடித்துக்கொள்ளும், பள்ளம் இரண்டும் நிறம் ஏறாமல் பழைய காசு அளவுக்குத் தனியாகத் தெரியும். அறையை இருட்டாக்கி செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினாலும் நிழல் விழுந்து பள்ளம் தெரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் மிக ஆழமான இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி மில்லிமீட்டரில் அளங்கள். ஓரத்துக்கு ஓரம் அளந்தால் கணக்கு தப்பிவிடும். அட்டை சரிவராவிட்டால், நான்காக மடித்த துண்டின்மேல் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை விரித்து அதே மாதிரி உட்காருங்கள், குழி பளிச்சென்று விழும்.

அட்டையைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை செய்யுங்கள். 118, 121, 119 என்று வந்தால் 119 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு தடவை 105, மறு தடவை 125 என்று வந்தால் உட்காரும்போது நகர்ந்திருக்கிறீர்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது 100 முதல் 150 மில்லிமீட்டருக்குள் வரும்.

இந்த எண்ணை அப்படியே சீட்டின் அகலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சீட்டில் எழுதியிருப்பது ஓரத்திலிருந்து ஓரம் வரையான அளவு. அந்த ஓரங்கள் கீழே வளைந்து இறங்குகின்றன, எலும்பு உட்கார வேண்டியதோ அதற்கு உள்ளே தட்டையாக இருக்கும் இடத்தில். அதனால் உங்களைப் போல ஹைப்ரிட் சைக்கிளில் கொஞ்சமே குனிந்து ஓட்டுபவர்கள் சுமார் 30 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். நன்றாகக் குனியும் ரோடு சைக்கிளுக்கு 20 போதும், நிமிர்ந்தே ஓட்டும் சைக்கிளுக்கு 40 வரை போகலாம். குனியக் குனிய பாரம் எலும்பின் முன்பகுதிக்கு நகரும், அங்கே இரண்டுக்கும் இடைவெளி குறைவு என்பதால்தான் இந்த வித்தியாசம். 119 வந்தவர் ஹைப்ரிட்டுக்கு 150 பக்கம் தேட வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், காசு செலவில்லாத இரண்டு வேலைகள் இருக்கின்றன. சீட் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். நம் ஊரில் நிறைய பேர் இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தியே ஓட்டுகிறார்கள். அப்போது காலுக்குப் போக வேண்டிய பாரமும் சீட்டுக்கே வரும். உயரம் கூடிப்போனாலும் தொல்லைதான், மிதிக்க எட்டாமல் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி உரசும். அடுத்து சாய்வு. சீட்டின் நீளவாக்கில் ஒரு ஸ்கேலை வைத்து, கொத்தனார் ரசமட்டம் பார்ப்பதுபோல மட்டம் பாருங்கள், செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் ஆப் போதும். சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, மேலே தூக்கியிருந்தால் நடுவில் குத்தும். இந்த இரண்டையும் சரிசெய்து ஒரு வாரம் உறை இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். உங்கள் சீட்டின் அகலமும் அளவுக்கு ஒத்துவந்தால் செலவே இருக்காது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அகலம் சரியாக இருக்கும் சீட்டுகளில் அழுத்தினால் கொஞ்சமே அமுங்குகிற, நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள ஒன்றை எடுங்கள். விலை ஏற ஏறக் கிடைப்பது பெரும்பாலும் எடைக் குறைவு. அடிக்கம்பி ஸ்டீலிலிருந்து டைட்டானியத்துக்கும் கார்பனுக்கும் மாறும். தினம் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஸ்டீல் கம்பி தாராளம். புதுச் சீட்டில் முதல் ஒன்றிரண்டு வாரம் எலும்பு இருக்கும் இடத்தில் லேசான நோவு இருப்பது சகஜம், அதற்குப் பயந்து மறுபடி மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: வயது 33. ஞாயிறுதோறும் ஈசிஆரில் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுவேன். முடிக்கும்போது அடிப்பகுதி மரத்துப்போகிறது. பேட் வைத்த ஷார்ட்ஸ் வாங்கினால் தீருமா?
– வாசகர், சென்னை

பதில்: வலியையும் மரத்துப்போவதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். எலும்பில் நோவு என்றால் பழக்கத்தில் குறையும். மரத்துப்போவது நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்குவதற்கான அடையாளம், அதைப் பழகிக்கொள்ளக் கூடாது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பல ஆண்கள் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்டது நல்லது.

ஷார்ட்ஸ் உரசலையும் வியர்வையையும் சமாளிக்கும், சீட்டின் தவறான அகலத்தைத் திருத்தாது. மேலே சொன்னபடி அளந்து, சீட்டின் மூக்கை மட்டத்துக்கு அல்லது ஒரு துளி கீழே கொண்டுவாருங்கள். ஹேண்டில்பார் தூரமாகவோ தாழ்வாகவோ இருந்தாலும் இதே தொல்லை வரும், ஏனென்றால் எட்டிப் பிடிக்கும்போது இடுப்பு முன்பக்கம் உருண்டுவிடும். ஓட்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று ரத்தம் ஓட விடுங்கள். ஷார்ட்ஸ் வாங்கினால் அதற்குள் ஜட்டி போடாதீர்கள். உரசிப் புண்ணாக்குவது ஜட்டியின் தையல்தான்.

சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ, ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அந்த நிலையில் சீட் கடைக்குப் போய்ப் பயனில்லை.

கேள்வி: ஆன்லைனில் '145 மி.மீ. அகலம்' என்று பார்த்து சீட் வாங்கினேன். வந்ததை அளந்தால் 160. விற்பவர் 'பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார். 1,850 ரூபாய் போச்சா?
– வாசகர், மதுரை

பதில்: போகாது. இ-காமர்ஸ் தொடர்பாக 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. 145 என்று சொல்லி 160 அனுப்பியது அதற்குள் வந்துவிடும். பெட்டியைப் பிரிக்காமல் அகலத்தை எப்படி அளப்பது?

சீட்டின் பின்பக்கம் மிக அகலமான இடத்தில் ஸ்கேலை வைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். '145' என்று போட்டிருக்கும் விற்பனைப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விற்பவர் நாளைக்கே அதை மாற்றிவிடக்கூடும். சைக்கிளில் மாட்டாதீர்கள், கம்பியில் கிளாம்ப் தழும்பு விழுந்தால் அதையே காரணமாகச் சொல்வார்கள். படங்களோடு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சொன்ன அளவிலேயே வந்து, உங்கள் உடம்புக்குத்தான் பொருந்தவில்லை என்றால் இந்த விதி உதவாது. அந்தத் தளத்தின் ரிட்டர்ன் நிபந்தனைதான் கதி. அதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய கறுப்பு சைக்கிளைப் புதுப்பிக்கிறேன். ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டைத் தூக்கிவிட்டுப் புது மாடல் போடலாமா? அப்பா அதில்தான் தினமும் மில்லுக்குப் போய் வந்தார்.
– வாசகர், ராஜபாளையம்

பதில்: தோல் வெடிக்காமல் இருந்தால் தூக்காதீர்கள். முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய அந்தத் தோல், வருடக்கணக்கில் ஒரே ஆள் உட்கார்ந்ததில் அவருடைய எலும்பு பட்ட இடங்களில் தொய்ந்திருக்கும். சீட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், அப்பாவின் இரண்டு குழிகள் தெரியும். நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு அந்த அகலமும் பொருத்தமே. தோல் தொங்கிப்போயிருந்து, மூக்கின் அடியில் இழுவை நட்டு இருந்தால், ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் முறுக்குங்கள். தண்ணீர் படாமல் காப்பாற்றுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய சைக்கிளில் சீட் பைப்பின் மேல்முனை வெறும் குழாயாக இருக்கும், அதன்மேல் தனி கிளாம்ப் ஏறும். புதுச் சீட்டுக்கு அடியில் ஓடும் இரண்டு கம்பிகளை அந்த கிளாம்ப் பிடிக்குமா என்று பாருங்கள். பழைய சீட்டையும் கிளாம்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போவது நல்லது.