மின்சாரக் காருக்கு ரோட்டு வரி வந்தால் கணக்கு தாங்குமா?

கேள்வி: அண்ணாச்சி, நானும் மனைவியும் ஆலங்குளம் பக்கத்துப் பள்ளியில் வேலை பார்க்கிறோம். வீடு பாளையங்கோட்டையில், தினமும் ஒரே காரில்தான் போய் வருகிறோம், மாசம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிறது. பழைய காரைக் கொடுத்துவிட்டு 12 லட்ச ரூபாய்க்கு ஒரு மின்சாரக் கார் எடுக்கலாம் என்று பார்த்தால், அதே அளவு பெட்ரோல் காரைவிட எல்லாம் சேர்த்து 3 லட்சம் கூடுதலாக வருகிறது. என் மாமனார், "இன்னைக்கு வரி இல்லைன்னு எடுப்பீங்க, நாளைக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு ரோட்டு வரி போட்டா என்ன செய்வீங்க மாப்ள?" என்கிறார். அப்படி வருமா? வந்தால் அது நியாயமா?

பதில்: தம்பி, மாமனார் கேட்டது சரியான கேள்வி. கார் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதைக் கேட்பதே இல்லை. என்றைக்காவது வரும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள், ஏனென்றால் வெளிநாடுகளில் வந்துவிட்டது. ஐஸ்லாந்தில் 2024 ஜனவரியில் மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு 6 குரோனா என்று ஆரம்பித்தார்கள், நியூசிலாந்தில் அதே வருடம் ஏப்ரலிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர். இரண்டுமே நம் பணத்தில் கிலோமீட்டருக்கு 4 ரூபாயை ஒட்டி வரும். பிரிட்டனில் 2028 ஏப்ரலிலிருந்து மைலுக்கு 3 பென்ஸ் என்று அறிவித்திருக்கிறார்கள்.

இப்போது பெட்ரோல் கார்க்காரர் ரோட்டுக்கு என்ன கொடுக்கிறார் என்று பார்ப்போம். 2025 ஏப்ரல் உயர்வில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய வரி 21 ரூபாய் 90 காசு ஆனது, அதை வைத்தே கணக்குப் போடுவோம். அதற்கு மேல் தமிழ்நாட்டு வாட் 13 சதவீதமும் 11 ரூபாய் 52 காசும். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் மொத்த வரி 43, 44 ரூபாய் வந்துவிடும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடுகிற காருக்கு இது கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 70 காசு. ஆனால் இந்த 44 ரூபாயில் சாலை மற்றும் உட்கட்டமைப்பு என்று பெயர் சொல்லி வாங்குகிற செஸ் வெறும் 5 ரூபாய்தான், அதாவது கிலோமீட்டருக்கு 31 காசு. மற்றதில் பெரும்பகுதி அரசின் பொதுச் செலவுக்குப் போகிற வரி. இந்த இரண்டு எண்ணையும் குழப்பிக்கொண்டுதான் ஊரில் பாதி வாதம் நடக்கிறது. "மின்சாரக் கார்க்காரன் ரோட்டுக்குக் காசே கொடுக்கவில்லை" என்று சொன்னால் அந்த 31 காசைத்தான் பேச வேண்டும், 2 ரூபாய் 70 காசை அல்ல.

அந்த 31 காசை நீங்கள் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. உங்கள் காரும் அதே தென்காசி ரோட்டில்தான் ஓடுகிறது, நாங்குநேரி டோலில் ஃபாஸ்டேக் உங்களிடமும்தான் எடுக்கும், பாலமும் தெருவிளக்கும் எல்லாருக்கும் பொது. எந்த முறையில் வாங்குகிறார்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

ரோட்டை உடைப்பது எது? அச்சின் மேல் விழுகிற எடை. அமெரிக்காவில் 1958லிருந்து 1960 வரை தனியாக ரோடு போட்டு, அதில் லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்டது இது: அச்சு எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு, பத்து மடங்கானால் 10,000 மடங்கு. உங்கள் கார் அச்சுக்கு 800 கிலோ, ஒரு லாரி அச்சுக்கு 8 டன் என்று போட்டுப் பாருங்கள். பேட்டரி எடையால் மின்சாரக் கார் ரோட்டைக் கெடுக்கிறது என்கிறார்களே, 20 சதவீதம் எடை கூடினால் சேதம் இரண்டு மடங்காகும், உண்மைதான், ஆனால் ஒன்றுமில்லாததில் இரண்டு மடங்கு. நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள், எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகிற லாரிகள் பிரேக் போடுகிற இடங்களில் தார் உருகி ஓரமாக ஒதுங்கி வரப்பு மாதிரி மேடு கட்டி நிற்கும், மழைக்காலத்தில் அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளம் விழும். டீசலில் அந்தச் சாலை செஸ் லிட்டருக்கு 2 ரூபாய்தான். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிற லாரி அந்தக் கணக்கில் கொடுப்பது கிலோமீட்டருக்கு 50 காசு. லாரிக்காரர் காலாண்டு வரியும் பர்மிட்டும் டோலும் தனியாகக் கட்டுகிறார், மறுக்கவில்லை. இருந்தாலும் 31 காசும் 50 காசும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை.

ஆகவே எடையும் ஓடிய தூரமும் சேர்ந்த கட்டணம்தான் நியாயம். வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை போட்டால், கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு இருந்துகொண்டு வெள்ளி, செவ்வாய் கோயிலுக்கு மட்டும் வண்டி எடுக்கிற பெரியவரும் மாசம் 3,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவரும் ஒரே பணம் கட்டுவார்கள். கரண்ட் பில்லில் போடலாமே என்பார்கள். அது இன்னும் மோசம். வீட்டு மீட்டருக்கு மிக்ஸி எது, கார் எது என்று தெரியாது, மாடியில் சோலார் போட்டவர் ஒரு பைசா கொடுக்காமல் அதே ரோட்டில் போவார். ஜிபிஎஸ் வைத்து எங்கே போனாய், எங்கே வந்தாய் என்று பார்க்க வேண்டியதும் இல்லை. நியூசிலாந்தில் செய்வதுபோல ஓடோமீட்டர் எண்ணை வைத்து வாங்கலாம். நம் ஊரில் வருடா வருடம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிறபோது அந்த எண்ணைப் பதிவு செய்தால் போதும். மின்சார ஸ்கூட்டரை இதில் இழுக்கவே கூடாது, அது ரோட்டுக்குச் செய்கிற சேதத்தைவிட அதனிடம் வசூல் செய்கிற செலவு அதிகமாகிவிடும்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். வருடம் 18,000 கிலோமீட்டர், பெட்ரோல் என்றால் 1,13,000 ரூபாய்க்கு மேல். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 430 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 350 யூனிட் ஓடினால் நீங்கள் 500ஐத் தாண்டிவிடுவீர்கள், ரேட்டே மாறும், ஒரு ரீடிங்குக்குக் கூடுதலாக 3,700 ரூபாயாவது வரும். "கரண்டு யூனிட் 5 ரூபாய்தான்" என்று ஷோரூமில் சொல்வதை நம்பாதீர்கள். அப்படிப் பார்த்தும் வருடத்தில் 90,000 ரூபாய் மிச்சம், 3 லட்சம் மூன்றேகால் வருடத்தில் திரும்பிவிடும்.

கிலோமீட்டருக்கு 31 காசு வரி வந்தால்? மூன்றரை வருடம். பெட்ரோலில் அரசு இழக்கிற வரி முழுவதையும் உங்களிடமே பிடித்தால், அதாவது 2 ரூபாய் 70 காசு, ஏழு வருடம் ஆகும். பேட்டரிக்குப் பல கம்பெனிகள் தருகிற வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், உங்கள் ஓட்டத்துக்கு அதற்குள் அடங்கிவிடும். நியூசிலாந்து மாதிரி 4 ரூபாய் போட்டால் மட்டும்தான் கணக்கு உடைகிறது. அப்படி ஒரு வரியை எடுத்த எடுப்பில் இங்கே போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாசம் 500 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, பெட்ரோலிலேயே இருங்கள்.

உங்களுக்கு நிஜமான ஆபத்து வேறொன்று. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம். மின்சாரக் காருக்கு இது விலக்கு, ஆனால் அது காலக்கெடு வைத்து அரசாணையால் தருகிற சலுகை. 12 லட்சத்துக்கு 2,16,000 ரூபாய். கிலோமீட்டர் வரி மெதுவாக வரும், இதுவோ பதிவு செய்கிற நாளில் மொத்தமாக வரும். அதனால் புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில், டெலிவரி மாதத்தில் விலக்கு அமலில் இருக்குமா என்று கேளுங்கள். டெலிவரி தள்ளிப்போய் வரி விழுந்தால் முன்பணத்தை முழுசாகத் திருப்பித் தருவோம் என்று டீலரிடம் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

அப்புறம், மிச்சமாகிற பணத்தில் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், அதாவது மாசம் 1,500 ரூபாயை போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில் போட்டு வாருங்கள். சாலைக் கட்டணம் வந்தால் அதிலிருந்து கட்டலாம். வராவிட்டால் டயருக்கு ஆகும், இந்த வண்டிகளில் டயர் கொஞ்சம் சீக்கிரமே தேயும்.