குளியலறைக்குக் கிரானைட்: வைப்பு நிதியை உடைக்கலாமா?

கேள்வி: வீட்டின் இரண்டு குளியலறைகளையும் புதுப்பிக்கிறோம். வாஷ்பேசின் மேடைக்குக் கிரானைட் போட்டால் வீட்டை விற்கும்போது அதிக விலை கிடைக்கும் என்கிறார் ஒப்பந்ததாரர். கையிருப்பு போதவில்லை. வைப்பு நிதியை உடைக்கலாமா, கிரெடிட் கார்டில் தவணை போடலாமா?

பதில்: கிரானைட் நல்ல கல்தான், ஆனால் முதலீடு இல்லை. வீடு வாங்க வருகிறவர் சுவரில் ஈரம் கசிகிறதா, குழாயில் தண்ணீர் சரியாக வருகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். மேடை பளபளப்பது அப்புறம்தான். அதனால் விற்பனை விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பத்து வருடம் அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. 4 அடிக்கு 2 அடி மேடைக்கு வேண்டியது வெறும் 8 சதுர அடிக் கல். இதற்காக முழுப் பலகை வாங்கத் தேவையில்லை. பெரிய சமையலறை வேலைகளில் மிஞ்சிய வெட்டுத் துண்டுகள் கல் கடைகளில் கிடக்கும். பேரம் பேசினால் விலை இறங்கும். இரண்டு மேடைக்கும் ஒரே நிறம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால்தான் செலவு ஏறும்.

பேசினுக்குத் துளை போடுவது, ஓரத்தை மெருகேற்றுவது, ஏற்றுகூலி, பொருத்துகூலி எல்லாம் சின்ன மேடைக்கும் பெரிதாகக் குறையாது. பல சமயம் கல்லின் விலையையே மிஞ்சிவிடும். எனவே மொத்தத் தொகையாகக் கேட்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். 2 செ.மீ. கனமுள்ள கல் என்றாலே அந்த 8 சதுர அடி சுமார் 40 கிலோ வரும். கீழே இருக்கும் அலமாரி தாங்குமா? அதை மாற்ற வேண்டி வந்தால் அது தனிச் செலவு.

பராமரிப்பு பயப்படும்படி இல்லை. கல்மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, 15 நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால், கல் தண்ணீரை உறிஞ்சாமல் தடுக்கும் சீலர் பூச வேண்டும். பளிங்கு என்றால் அமிலக் கிளீனர் பட்டதும் தழும்பு விழும். கிரானைட்டில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

சரி, பணத்துக்கு வருவோம். கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். மாதம் 3 சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். கூட்டு வட்டியில் அது ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். ‘வட்டியில்லாத் தவணை’ என்று யாராவது சொன்னால், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். வட்டி அங்கேதான் ஒளிந்திருக்கும். அவசரத்துக்கு ஆறு மாதச் செலவு தனியாக இருக்கிறதென்றால், அதற்கு மேல் உள்ள வைப்பு நிதியை முதிர்வு நாளில் எடுங்கள். முன்கூட்டி உடைத்தால் வட்டியில் பிடித்துவிடுவார்கள்.

முதிர்வுக்கு நாள் இருக்கிறது என்றால், நீங்கள் தினமும் புழங்கும் குளியலறையை மட்டும் இப்போது முடியுங்கள். மற்றதில் குழாய் வேலையை முடித்து, சாதாரண ஸ்டாண்டு பேசின் ஒன்றை மாட்டிவிடுங்கள். விருந்தாளி யாரும் கோபித்துக்கொண்டு போய்விட மாட்டார்.