கல்யாணப் பூவை லோங்காங்கில் கொட்ட வேண்டாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தம் முடிந்தபோது இரண்டு வாளிப் பூவை லோங்காங் (சாக்கடை) ஓரம் கொட்டினோம். மனசே கேட்கவில்லை. இந்த முறை வீட்டுக்கு உதவுகிற மாதிரி என்ன செய்யலாம்? ஆடு வளர்க்கிறோம், அதற்குப் போடலாமா?"

ஆட்டுக்கு மட்டும் போடாதீர்கள். பூமாலையில் அரளி கலந்திருக்கலாம். அதன் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். காய்ந்தாலும் விஷம் போகாது. புகையும் ஆகாது, அதனால் சாம்பிராணியோடும் சேர்க்க வேண்டாம். அரளியைத் தனியாகப் பிரித்துப் புதைத்துவிடுங்கள். கடைப்பூவில் மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் ரோஜாவை குல்கந்துக்கோ முகப்பூச்சுக்கோ எடுக்காதீர்கள். இந்த ஆசை பலருக்கு வரும், தெரியும்.

மற்றதை அன்று இரவே பழைய பாயில் கொட்டி, நூலையும் ஜிகினாவையும் உருவிவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் குவித்து வைத்த பூ சீக்கிரமே சூடேறி அழுகும். ஆர்க்கிட் இருந்தால் பித்தளை உருளியில் மிதக்க விடுங்கள், பல நாள் தாங்கும். தண்ணீரை மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ரோஜா இதழை மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, பட்டை, கிராம்பு, வெட்டிவேரோடு துணிப்பையில் கட்டிச் சேலை அலமாரியில் வைக்கலாம். தொட்டால் நொறுங்குகிற அளவுக்குக் காய வேண்டும். இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்துச் சேலையும் கெடும்.

உங்களிடம் அதிகம் மிஞ்சப்போவது செண்டுமல்லிதான். நான் சொல்வதில் இதை அவசியம் செய்து பாருங்கள்: துணிக்குச் சாயம் போடலாம். 100 கிராம் எடையுள்ள பழைய வெள்ளைப் பருத்தித் துணியை எடுங்கள். கஞ்சி துளியும் இல்லாமல் சோப்புப் போட்டு நன்றாக அலசுங்கள். கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, துணியை இரவு முழுக்க ஊறவையுங்கள். சாயம் நிற்பதே இந்தப் படிகாரத்தால்தான். மறுநாள் 200 கிராம் இதழை, காம்பும் பச்சைப் பகுதியும் இல்லாமல், எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். தண்ணீர் கெட்டித் தேநீர் நிறத்துக்கு வரும். வடிகட்டி, துணியைப் போட்டு, கொதிக்க விடாமல் அரை மணி நேரம் சூடாக்கி, அதிலேயே ஆற விடுங்கள். எடுத்துப் பிழியும்போது மஞ்சள் கிழங்கு அரைத்த கை மாதிரி ஒரு நிறம் இருக்கும். பட்டுத் துணியில் இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். இரும்புச் சட்டியில் செய்தால் மஞ்சள் மங்கிப் பாசிநிறமாகிவிடும். சாயம் போட்ட பாத்திரத்தை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீர்கள். துணியை நிழலில் காய வையுங்கள், வெயில் பட்டால் வெளுக்கும்.

வெந்த சக்கையையும் வாடின மல்லிகையையும் குப்பையில் போட வேண்டாம். ஒரு பங்கு பூவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை சேர்த்து, அடியில் ஓட்டை போட்ட வாளியில் நிரப்பி மூடுங்கள். வாரம் ஒருமுறை கிளறினால், நம் வெக்கைக்கு இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும். வாழையடியில் போடுங்கள்.